கோபுரம் சாய்ந்தாலும் பேசும் வானொலி

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, எங்கள் மாவட்டத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கையில் கைப்பேசி இருந்தது, சிக்னல் இல்லை. பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டவர் விழுந்தா யாரும் யார்கிட்டயும் பேசவே முடியாதா சார்?"

முடியும். கைப்பேசி நேரடியாக இன்னொரு கைப்பேசியோடு பேசுவதில்லை. இடையில் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரமும், அது நின்றால் பேட்டரியும் டீசலும் வேண்டும். சாலையில் மரம் விழுந்து டீசல் வண்டி வராவிட்டால் கோபுரம் நின்றிருந்தும் பயனில்லை. அமெச்சூர் வானொலியில், அதாவது ஹாம் ரேடியோவில், இந்த இடைத்தரகர் இல்லாமலே பேசலாம். 12 வோல்ட் பேட்டரி, ஒரு வானொலிக் கருவி, இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய தாமிரக் கம்பி போதும். அனுப்பும் அலை அயனி மண்டலத்தில் திரும்பி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும்.

கம்பியின் நீளம் எவ்வளவு? இங்கே நம் அறிவியல் பாடம் அப்படியே வந்து நிற்கிறது. 300ஐ மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21. நடைமுறையில் சற்றுக் குறைத்து 20 மீட்டர் கம்பி கட்டுவார்கள். விளையாட்டுத் திடலில் நாடாவைப் பிடித்து அளக்கவிட்டால், சூத்திரத்தை மறக்கும் பிள்ளைகள்கூட இதை மறப்பதில்லை.

இந்தப் பொழுதுபோக்கின் மதிப்பு 2004இல் தெரிந்தது. அந்த டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு ஒன்று, பாரதி பிரசாத் என்ற ஹாமின் தலைமையில் போர்ட் பிளேரில் இருந்தது. மீட்புப் பணிக்காகப் போனவர்கள் அல்லர். அந்தமானிலிருந்து அமெச்சூர் ஒலிபரப்பு பல ஆண்டுகளாக நடக்காததால், அந்தத் தீவுடன் ஒருமுறையாவது பேசிவிட வேண்டும் என்று உலகெங்கும் ஹாம்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் போன குழு அது. டிசம்பர் 26 காலை நிலநடுக்கமும் சுனாமியும் வந்து தொலைபேசி இணைப்புகள் அற்றுப்போயின. விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த அதே கருவி, தீவில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்ற செய்தியைப் பெருநிலத்துக்குச் சொல்லத் தொடங்கியது. இங்கே அதைக் கேட்ட ஹாம்கள் உறவினர்களுக்குத் தகவல் சொன்னார்கள். பின்னர் கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைக்கப்பட்டது. கருவியும் ஆண்டெனாவும் இயங்கும் நிலையில் இருந்தன, இயக்குபவர்களுக்குப் பழக்கம் இருந்தது. பேரிடர் வந்த பிறகு கருவி வாங்கிக் கையேடு படிக்க முடியாது.

ஹாம் ரேடியோ இருந்தால் வேறெதுவும் வேண்டாம் என்று சிலர் சொல்வது மிகை. ஒரு அலைவரிசையில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஊர் முழுவதும் நலம் விசாரிக்க அதில் இடமில்லை. அதனால்தான் செய்தியைச் சுருக்கமாகவும் பிழையில்லாமலும் சொல்லும் ஒழுங்கை ஹாம்கள் பழகுகிறார்கள். பெயரை எழுத்தெழுத்தாக 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்று சொல்வது அதற்காகத்தான்.

இதற்குக் கருவியே தேவையில்லை, வகுப்பறையில் செய்யலாம். நான் செய்வது இப்படி: இரண்டு மாணவர்களை முதுகு காட்டி உட்கார வைத்து, மற்றவர்களை இரைச்சல் போடச் சொல்வேன். (இதற்கு ஊக்கப்படுத்தவே வேண்டாம்.) ஒருவர் செய்தி சொல்ல வேண்டும்: எந்த இடம், எத்தனை பேர், என்ன தேவை. மற்றவர் எழுதி, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். முதல் சுற்றில் 'அறுபது பேர்' என்பது 'எழுபது' ஆகிவிடும். அடுத்த சுற்றில் 'ஆறு, பூஜ்யம்' என்று தனித்தனியாகச் சொல்லச் சொன்னால் பிழை குறையும். 'கொஞ்சம்', 'நிறைய' போன்ற சொற்களுக்குத் தடை. சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மை நடத்தும்போதும் மொழிப்பாடத்தில் கேட்டல் திறனுக்கும் இது பொருந்தும்.

ஒலிபரப்ப உரிமம் கட்டாயம். இந்தியாவில் 12 வயது நிறைந்தவர்கள் மத்திய அரசின் தேர்வை எழுதலாம். அடிப்படை மின்னியலும் வானொலி விதிகளும்தான் பாடம். பொது நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வும் உண்டு. தொடக்க நிலைக்கு இல்லை. தேறினால், இந்தியாவுக்குரிய 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும் தனி அழைப்புக்குறி கிடைக்கும். வணிகம், விளம்பரம், பாட்டு எதற்கும் இதில் அனுமதியில்லை.

உங்கள் ஊருக்கு அருகில் உரிமம் பெற்ற ஹாம் இருந்தால் ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி உண்டு. 145.8 மெகாஹெர்ட்ஸில் அதன் ஒலிபரப்பு வரும் நேரம் அமைந்தால், சுமார் 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் குரலைப் பிள்ளைகள் திடலில் நின்றே கேட்கலாம். நிலையம் நம் வானத்தைக் கடக்க அதிகபட்சம் பத்து நிமிடம்தான் ஆகும். காலை வழிபாட்டு நேரத்தில் அமைந்தால் நல்லது.