பழியும் இடமும்: ஒரு ஜப்பானியத் தலைப்பும் தோட்டத் தமிழும்

திரைப்படம் ஒன்று வேற்று மொழியில் மறுவாக்கம் பெறும்போது உரையாடல் மட்டுமே மாறுவதில்லை; அச்சத்தை வகைப்படுத்தும் சொற்களும் மாறுகின்றன. தகாஷி ஷிமிசு 2002இல் இயக்கிய 'ஜூ-ஒன்' என்னும் பேய்ப்படம் இதற்குத் தக்க சான்று. அவரே அதனை 2004இல் ஆங்கிலத்தில் 'தி கிரட்ஜ்' எனும் பெயரில் மீண்டும் எடுத்தார். கதை நிகழிடம் தோக்கியோவாகவே நின்றது. பேயாக வரும் கயாக்கோவாக இரு படங்களிலும் தகாகோ புஜியே நடித்தார். தலைப்போ பாதியாயிற்று.

'ஜூ' என்பது சாபம். 'ஒன்' என்பது தேங்கிய வன்மம். ஆங்கிலத் தலைப்பு வன்மத்தை மட்டும் ஏற்றுச் சாபத்தைக் கைவிட்டது. கதையின் உயிரோ இரண்டின் சேர்க்கையில்தான் உள்ளது. கணவனால் கொல்லப்பட்ட பெண்ணின் சினம் அவள் இறந்த வீட்டிலேயே தங்கி, அவ்வீட்டினுள் நுழையும் எவரையும் பற்றுகிறது. குற்றமுடையார், குற்றமற்றார் என்னும் வேறுபாடு அதற்கில்லை.

இதனைத் தமிழில் எச்சொல்லால் குறிப்போம்? 'பழி' என்போமாயின், அது குற்றவாளியைத் தேடிச் செல்வது. பழையனூர் நீலி தன்னைக் கொன்ற கணவனைத் தேடி வந்தவள். 'அணங்கு' என்போமாயின், அது மலையிலும் நீர்த்துறையிலும் உறைந்து வருத்தும் ஆற்றல். ஆனால் இறந்தார் ஒருவரின் சினத்திலிருந்து பிறந்தாக வேண்டியதில்லை. ஒன்றில் காரணம் உண்டு; மற்றொன்றில் இடம் உண்டு. ஜப்பானியத் தொடர் இவ்விரண்டையும் பிணைக்கிறது.

நெகிரி செம்பிலானின் லிங்கி, லாபு, பகாவ் வட்டாரத் தோட்டங்களுக்கு வருவோம். ரப்பர்த் தோட்டத்தின் எல்லையில் முனியாண்டிக்குக் கோயில் எழுப்பிய மக்கள், தாயகத்திலிருந்து இடஞ்சார்ந்த சொற்களையும் உடன் கொணர்ந்தனர். முனி செல்லும் தடம் 'முனி ஓட்டம்'. அதன் குறுக்கே வீடு கட்டலாகாது. 'முனி அடித்துவிட்டது', 'காத்துக் கருப்பு பட்டுவிட்டது' என்னும் தொடர்களில் பாதிக்கப்பட்டவர் குற்றவாளி அல்லர். தவறான வேளையில் தவறான இடத்தில் நின்றவர். அயலிலுள்ள மலாய்க்காரரும் அத்தகைய இடத்தைக் 'கெராஸ்', அதாவது கடுமையானது, என்பர். இரு மொழிகளும் அச்சத்தை நிலத்தின்மீதே ஏற்றிக் கூறுகின்றன.

இங்கேதான் நம் கவலை பிறக்கிறது. ரப்பர் செம்பனையாயிற்று, சிரம்பான், நீலாய் சுற்றுவட்டத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடும் நிரையும் எல்லைக் கோயிலும் அகன்றபின், இடத்தைச் சுட்டிய சொல்லுக்குச் சுட்டுவதற்கு ஏதுமில்லை. இளையோர் நாவில் எஞ்சுவது 'பேய்' என்னும் ஒரே பொதுச்சொல். ஆங்கிலத் தலைப்பு சாபத்தை இழந்ததுபோல், நாமும் ஒரு பகுப்பை இழக்கிறோம். வேறுபாடு ஒன்றே: ஜப்பானியத் தலைப்பு அதன் தாய்மொழியில் இன்றும் முழுமையாக உள்ளது, தோட்டச் சொற்களுக்கு வேறு காப்பகம் இல்லை.

தோட்டப் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உள்ளன. அங்கு மாணவர் தம் பாட்டி தாத்தாவிடம் மூன்று வினாக்களைக் கேட்டு எழுதி வரட்டும்: அது எங்கே இருக்கும்? எதனால் வந்தது? யாரைத் தொடும்? நம்பிக்கையை ஆராய்வது இப்பயிற்சியின் நோக்கமன்று. விடையில் வரும் பெயரையும், அதனோடு சேரும் வினைச்சொல்லையும், இடப்பெயரையும் கேட்டவாறே பதிவு செய்தல் போதும். பெயர்ச்சொல்லைக் காட்டிலும் 'அடித்தது', 'பட்டது', 'பிடித்தது' என்னும் வினைகளே அச்சத்தின் இலக்கணத்தை நமக்குக் காட்டும்.