யாரை விஞ்சினார்? எதில் சிறந்தார்?

2016 ரியோ ஒலிம்பிக் போட்டியில், 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலில் சிங்கப்பூரின் ஜோசஃப் ஸ்கூலிங் 50.39 விநாடிகளில் நீந்தித் தங்கம் வென்றார். மைக்கல் ஃபெல்ப்ஸ் உட்பட மூவர் 51.14 விநாடிகளில் வந்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டனர். ஸ்கூலிங் ஃபெல்ப்ஸை விஞ்சினார் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அதற்கு உதவும் வினைச்சொற்களில் ஒன்று ‘அவுட்டூ’.

‘அவுட்’ என்றால் வெளியே என்று நாம் அறிவோம். ஆனால், ஒரு வினைக்கு முன்னால் ஒட்டும்போது அது பல இடங்களில் ‘மற்றவரைக் காட்டிலும் கூடுதலாக’ என்ற பொருளைத் தரும். ஒருவரைவிட வேகமாக ஓடுவது ‘அவுட்ரன்’. ஒருவரைவிட அதிக காலம் வாழ்வது ‘அவுட்லிவ்’. ஒருவரைவிடச் சிறப்பாகச் செய்வது ‘அவுட்டூ’.

இதன் இறந்தகாலம் ‘அவுட்டிட்’. முடிவெச்ச வடிவம் ‘அவுட்டன்’. ‘டூ, டிட், டன்’ தெரிந்தவர்களுக்கு இது எளிது. ‘நாட் டு பி அவுட்டன்’ என்ற தொடரையும் செய்திகளில் அடிக்கடி காணலாம். ஒரு வகுப்பு சுவரில் ஓவியம் தீட்டியது. ‘நாங்கள் மட்டும் சளைத்தவர்களா’ என்று பக்கத்து வகுப்பு கதவுக்கும் சேர்த்து வண்ணம் பூசியது. அந்த ‘சளைத்தவர்களா’தான் இத்தொடரின் பொருள்.

மாணவர்கள் தடுமாறும் இடம் ‘எக்ஸெல்’ என்ற சொல். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி இடம் மாற்றி எழுதிவிடுகிறார்கள். தமிழையே துணைக்கு அழைத்தால் குழப்பம் தீரும். ‘ஃபெல்ப்ஸை விஞ்சினார்’ என்பதில் ‘ஐ’ உருபு வருகிறது. யாரை என்ற கேள்விக்கு விடை இல்லாமல் வாக்கியம் நிறைவதில்லை. ‘அவுட்டூ’வும் அப்படித்தான். ‘நீச்சலில் சிறந்து விளங்கினார்’ என்பதில் ‘இல்’ உருபு வருகிறது. இங்கே எதிராளி தேவையில்லை. எதில் என்று சொன்னால் போதும். அதுதான் ‘எக்ஸெல்’. அதன்பின் ‘இன்’ அல்லது ‘அட்’ வரும். இன்னொருவர் பெயர் நேரடியாக வருவது இக்கால வழக்கு அன்று. இறந்தகாலத்தில் கடைசி ‘எல்’ எழுத்து இரட்டிக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

உபகாரச் சம்பளத்திற்கோ பல்கலைக்கழகத்திற்கோ விண்ணப்பக் கடிதம் எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது. சக மாணவர்களை ‘அவுட்டூ’ செய்ய விரும்புகிறேன் என்றால் இலக்கணம் சரிதான்; ஆனால், படிப்பவரின் கண்ணில் முதலில் படுவது உங்கள் போட்டி மனப்பான்மை. வேதியியலில் ‘எக்ஸெல்’ செய்ய விரும்புகிறேன் என்றால் படுவது உங்கள் ஆர்வம்.

‘அவுட்டூ’வுக்கு இன்னொரு பயனும் உண்டு. செயப்படுபொருளாக நம்மையே வைக்கலாம். அரையிறுதியில் 50.83 விநாடிகள் எடுத்த ஸ்கூலிங், இறுதிப் போட்டியில் அதைவிட வேகமாக நீந்தினார். அவர் ‘அவுட்டிட் ஹிம்செல்ஃப்’, அதாவது தம்மையே விஞ்சினார்.

அடுத்த முறை இவற்றில் ஒன்றை எழுதுமுன் ‘யாரை?’ என்று கேட்டுப் பாருங்கள். விடை இருந்தால் ‘அவுட்டூ’. ‘எதில்?’ என்பதற்கு மட்டுமே விடை இருந்தால் ‘எக்ஸெல்’.