உடல் வராத வீடுகளின் செபம்

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தைத் தாண்டினால் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஓர் ஊரின் கோயில் மணி அடுத்த ஊருக்குக் கேட்கும். இவர்கள் தங்கல் தொழில்காரர்கள். சுறாவையும் சூரையையும் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய், வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன்பிடிப்பவர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக உருவெடுத்தபோது இவர்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். புயல் என்று அறிவிப்பு வந்த நேரத்தில் அவர்களுக்குச் சேதி சொல்ல வழியில்லை. படகில் இருந்த வயர்லெஸ் கருவியின் எல்லையைத் தாண்டி அவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் இந்த ஊர்களின் கோயில்கள் இரண்டு வேலைகளைச் செய்தன. உள்ளே செபமாலை நிற்காமல் ஓடியது. வெளியே, பங்கு அலுவலக மேசைகளில் பட்டியல்கள் தயாராயின: படகின் பெயர், உரிமையாளர், எத்தனை பேர், எந்தத் துறைமுகத்திலிருந்து போனார்கள், கடைசியாகப் பேசியது எப்போது. லட்சத்தீவில் ஒரு படகு ஒதுங்கியது, மகாராஷ்டிரக் கரையில் சில படகுகள் சேர்ந்தன என்று தொலைபேசியில் சேதி வரவர, பெயர்கள் அடிக்கப்பட்டன. அடிபடாத பெயர்களே மிச்சம். அரசு சொன்ன கணக்கும் கோயில்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. கோயிலின் கணக்குக்கு ஆதாரம், ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்த அன்பியங்கள், அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்கள். பேரிடருக்குப் பின் கிறிஸ்தவர்கள் எப்படி மன்றாடினார்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்தப் பட்டியல்களைத்தான். காணாமல்போன ஒருவனின் பெயரைத் தவறில்லாமல் எழுதிவைப்பதும் மன்றாட்டுதான்.

ஆனால் எதற்காக மன்றாடுவது என்பதே அந்த நாட்களில் பெரும் கேள்வியாக இருந்தது. முதல் வாரம் சிக்கல் இல்லை. உயிரோடு வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது வாரம்? மூன்றாவது வாரம்? திருப்பலியில் ஒருவர் பெயரை உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டில் சேர்ப்பதா, இறந்தோருக்கான மன்றாட்டில் சேர்ப்பதா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சடங்கு விவகாரமாகத் தெரியலாம். கரையில் நிற்கும் மனைவிக்கு அப்படியில்லை. இறந்தோர் வரிசையில் கணவனின் பெயரை வாசிக்கச் சம்மதிப்பது, அவன் சாவுக்குத் தானே கையெழுத்துப் போட்டதைப்போல. சம்மதிக்காவிட்டால் பிள்ளைகள் எத்தனை காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? காணாமல்போனவர் இறந்துவிட்டதாகக் கருத ஏழு ஆண்டுகள் என்று சட்டம் வைத்திருந்தது. ஒக்கிக்குப் பின் அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியே நிவாரணம் கொடுத்தது. மனம் எந்த ஆணைக்கும் தளராது.

2004 சுனாமியின் துயரம் வேறு விதமானது. அது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது. விழாவுக்குக் கட்டிய நட்சத்திரங்கள் வீடுகளில் தொங்கிக்கொண்டிருந்தன. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களில் பெட்டிக்கும் தனிக் குழிக்கும் நேரமில்லாமல் கூட்டமாக அடக்கம் செய்தார்கள். கொடுமையிலும் கொடுமை அது. ஆனாலும் ஓர் இடம் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றலாம், பூப்போடலாம், மண்ணைத் தொட்டு அழலாம். ஒக்கியில் பலருக்கு அந்த மண்ணும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலும் இறந்தோர் திருப்பலி நிறைவேற்றத் திருச்சபையில் இடமுண்டு. கடலோரத்தில் அந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உள்நாட்டில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் கல்லறையைக் கழுவிப் பூவைக்கும்போது, அந்தத் திருப்பலியில் வாசிக்கப்பட்ட பெயர் ஒன்றுதான் இவர்களுக்குக் கையில் இருப்பது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் காரணம் சொல்பவர்கள் வந்து சேர்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப்போவதில்லை. பாவத்துக்குத் தண்டனை என்று சுனாமிக்குப் பிறகு பேசிய மேடைகள் இருந்தன. அதே அளவுக்குப் புண்படுத்தியது, அன்போடு சொல்லப்பட்ட இன்னொரு பேச்சு. வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், மாதா காப்பாற்றினார் என்றார்கள். பிழைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. அந்த நன்றியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று காலை அதே கடற்கரையில் திருப்பயணிகளும் ஊர்மக்களும் பெருந்தொகையாகச் செத்தார்கள். அவர்களும் மாதாவைத் தேடி வந்தவர்கள்தான். கும்பிட்டுவிட்டுக் கடலைப் பார்க்கப் போனவர்கள்மீது மாதாவுக்கு அக்கறை குறைவா? பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் விழும்படி இந்தப் புதுமையைப் பேசுபவர்கள், அவள் என்ன நினைப்பாள் என்று யோசிப்பதே இல்லை.

இயேசுவே இந்த வாதத்தை முறித்திருக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தி லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வருகிறது. செத்தவர்கள் எருசலேமின் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார். ஏன் விழுந்தது என்ற காரணத்துக்குள் அவர் போகவில்லை. யோபுவின் நண்பர்களையும் நினைத்துப் பார்க்கலாம். ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. நூலின் முடிவில் கடவுள் அவர்கள்மேல்தான் சினம் கொள்கிறார். அவரிடம் வழக்காடிய யோபு சரியாகப் பேசினான் என்கிறார்.

கடலோர மக்களின் செபத்தில் இந்த வழக்காடல் எப்போதும் இருந்திருக்கிறது. குருசடியில் நின்று மாதாவை ஏசுகிற கிழவிகள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே நீயும், உனக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். படித்தவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். ஆனால் திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் திருப்பாடல் கடைசிவரை இருளிலேயே முடிகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட அதில் ஒட்டவைக்கப்படவில்லை. அதையும் திருச்சபை வெள்ளி இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. புயலில் படகின் பின்பக்கம் தூங்கிக்கொண்டிருந்த இயேசுவைச் சீடர்கள் எழுப்பிய விதமும் அப்படித்தான். அவர்களில் மீனவர்கள் இருந்தார்கள், காற்றின் குணம் தெரிந்தவர்கள். நாங்கள் சாகிறோம், உமக்குக் கவலையே இல்லையா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கதையில் காற்று அடங்கியது. ஒக்கியில் அடங்கவில்லை. அந்த வேறுபாட்டை எந்த மறையுரையாலும் சரிக்கட்ட முடியாது, சரிக்கட்ட முயலவும் கூடாது. கேள்வியைக் கடவுளிடமே கேட்டுக்கொண்டிருக்கும் வரையில் ஒருவர் நம்பிக்கையை விட்டுவிடவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடவுளிடம் கேட்டவர்கள் அரசிடமும் கேட்டார்கள். 2017 டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், குழந்தைகள், குருக்கள், கன்னியர். ரயில்கள் நின்றன. அவர்கள் இரவுவரை எழவில்லை. தேடுதலை ஆழ்கடல்வரை கொண்டுபோங்கள், எங்கள் ஆட்களையும் கூட்டிப்போங்கள் என்பதே கோரிக்கை. கடலில் எங்கே தேடவேண்டும் என்பது தங்கல் தொழில்காரனுக்குத் தெரியும். ஐந்து நாள் கழித்து முதலமைச்சர் அந்தப் பகுதிக்கு வந்தார். 19-ஆம் தேதி பிரதமர் கன்னியாகுமரி வந்தார். குருக்கள் அரசியல் செய்கிறார்கள் என்று அப்போது சிலர் குறைப்பட்டார்கள். தூத்தூர் வட்டாரப் பங்குகள் சேர்ந்திருக்கும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தின் அன்றைய பேராயர் சூசைபாக்கியம் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். தேடப்பட்டவர்கள் அவருடைய சொந்தக் கரைக்காரர்கள். அவர் சும்மா இருந்திருந்தால்தான் பிழை.

இப்போது சில படகுகளில் செயற்கைக்கோள் வழியாகப் புயல் சேதி வாங்கும் கருவிகள் வந்திருக்கின்றன. போதாது. கரையோரப் பங்குகளுக்கும் திருச்சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம்: 2017-இல் புயலுக்குப் பிறகு எழுதிய பட்டியலைப் புயலுக்கு முன்பே எழுதிவையுங்கள். எந்தப் படகில் யார் போனார்கள், எந்தத் துறைமுகத்திலிருந்து, எப்போது திரும்புவார்கள், வெளிமாநிலத்திலிருந்து வந்து அதே படகில் வேலை செய்பவர் யார் யார் என்று. அந்த வெளிமாநிலத்தவர்களுக்காகப் பெயர் சொல்லி மன்றாட இங்கே கோயில் இல்லை. பட்டியலிலிருந்து முதலில் விட்டுப்போவதும் அவர்கள் பெயர்களே. ஞாயிறு திருப்பலியில் கடலில் இருப்பவர்களுக்காக மன்றாடும்போது அந்தப் பதிவேடு பீடத்தருகே இருக்கட்டும்.