பூநாரையும் மீர்கட்டும்

கூடி வாழ்வது வேறு. கூடி வளர்ப்பது வேறு. இவ்வேற்றுமையை அறிய, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வாழும் இரண்டு உயிர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று, நெடுங்காலால் நீரில் நடந்து இரை தேடும் பூநாரை. மற்றொன்று, மீர்கட் என்னும் சிறிய கீரி.

பூநாரை நமக்கு அயலான பறவை அன்று. குளிர்காலத்தில் கோடியக்கரையிலும் பழவேற்காட்டு ஏரியிலும் அதனைக் காணலாம். ஆப்பிரிக்காவின் போட்சுவானா நாட்டில் சுவா என்னும் உப்புப் படுகை உண்டு. நல்ல மழையால் அது நிறையும் ஆண்டுகளில் பூநாரைகள் பல்லாயிரமாகக் கூடி, சேற்றைக் குவித்துக் கூடு அமைக்கின்றன. ஓர் இணைக்கு ஒரே முட்டை. பிறந்த குஞ்சின் அலகு நேராக இருக்கும். நீரை வடிகட்டி உண்ணும் வளைந்த அலகு பின்னரே அமையும். அதுவரை தாய், தந்தை இரண்டுமே தம் உணவுக்குழாயில் சுரக்கும் செந்நிறப் பாலை ஊட்டுகின்றன. சில நாள் சென்றதும் குஞ்சுகள் பெருங்கூட்டமாகச் சேர, முதிர்ந்த பறவைகள் சில அவற்றுக்குக் காவல் நிற்கின்றன. ஆயினும் பெற்றோர் தம் குஞ்சின் குரலை அறிந்து அதற்கே ஊட்டுகின்றன. காவல் பொது, உணவு தனி.

மீர்கட்டின் வழக்கம் இதனின் மாறானது. கலகாரி வறள்நிலத்தில் வாழும் இவ்விலங்கின் எடை ஏறக்குறைய 700 கிராம். குழுவில் பெரும்பாலும் ஒரு தலைமைப் பெண்ணே குட்டி ஈனும், ஏனையவை வளர்க்கும். பிறர் குட்டியைக் காக்கும் பொருட்டு ஒரு மீர்கட் நாள் முழுதும் இரையின்றி வளை வாயிலில் இருப்பதுண்டு. இதனை மிகைபடப் புகழ்தலும் ஆகாது. அத்தலைமைப் பெண் மற்றப் பெண்களின் குட்டிகளைக் கொல்வதும், அப்பெண்களைக் குழுவிலிருந்து துரத்துவதும் உண்டு.

இவ்விலங்கு தேளையும் உண்ணும். அலெக்ஸ் தார்ன்ட்டன், காத்தரின் மெக்காலிஃப் என்னும் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட செய்தி ஆசிரியர்கள் சிந்திக்கத்தக்கது. இளங்குட்டிக்கு முதியவை இறந்த தேளைக் கொடுக்கின்றன; சற்று வளர்ந்ததும் கொடுக்கு நீக்கிய உயிர்த் தேளைக் கொடுக்கின்றன; இறுதியில் முழுத் தேளையே கொடுக்கின்றன. தேள் தப்பி ஓடினால் மீண்டும் குட்டியின் முன்னே தள்ளிவிடுகின்றன. குட்டியின் வயதை அதன் குரலால் அறிந்தே பாடத்தின் கடுமையை மாற்றுகின்றன.

பூநாரைக் குஞ்சுக்கு இத்தகைய பாடம் ஏன் வேண்டுவதில்லை? அதன் இரை நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சிற்றிறால்களுமே. அங்கே பிழை செய்தால் ஒரு வாய் உணவுதான் போகும். தேளிடம் பிழை செய்தாலோ உயிருக்கே இடர். பிழையின் விலை எங்கே மிகுகின்றதோ, அங்கே கற்பித்தலும் தேவையாகின்றது. இடரை முற்றும் விலக்கினால் குட்டி கல்லாது. முழுதும் விட்டால் பிழையாது. அதனை அளந்து கொடுப்பதே ஆசிரியப் பணி.