625 மாத்திரைக்குள் ஒரு காவலன்

மருந்துக்கடையில் ‘625’ என்று கேட்டாலே பலருக்கும் புரியும். அந்த மாத்திரையில் 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 மில்லிகிராம் கிளாவுலனிக் அமிலம். கிருமியைக் கொல்வது அமாக்ஸிசிலின்தான். கிளாவுலனிக் அமிலத்துக்குத் தனியாக அந்த வலிமை மிகக் குறைவு. பிறகு ஏன் அதைச் சேர்க்கிறார்கள்?

கிருமியின் கத்தரி

பென்சிலின் குடும்ப மருந்துகள் பாக்டீரியாவைச் செல்சுவர் கட்ட விடாமல் தடுத்து அழிக்கின்றன. தப்பிக்க நினைக்கும் பாக்டீரியா, பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. மருந்தின் உயிர்நாடியான வளையத்தை அது கத்தரிபோல வெட்டிவிடும். பென்சிலின் நோயாளிகளிடம் பரவலாகச் சேரும் முன்பே, 1940-இல் ஆபிரகாம், செயின் என்ற ஆய்வாளர்கள் இத்தகைய நொதியைக் கண்டறிந்தார்கள்.

கிளாவுலனிக் அமிலம் அந்தக் கத்தரியின் வாயில் தானே போய்ச் சிக்கிக்கொள்கிறது. கத்தரி முடங்குகிறது, அமாக்ஸிசிலின் தன் வேலையை முடிக்கிறது.

புதிய காவலர்கள்

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. கிளாவுலனிக் அமிலத்துக்கு அடங்காத நொதிகள் பெருகிவிட்டன. 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

எனவே புதிய காவலர்கள் தேவைப்படுகிறார்கள். சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம் அவற்றில் ஒன்று. செஃபெபிம் மருந்துடன் சேர்த்து, கடுமையான சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்க அமெரிக்கா 2024 பிப்ரவரியில் அனுமதித்தது. ஆனால் என்.டி.எம். என்ற நொதியை இதுபோன்ற காவலர்கள் பலவற்றாலும் முடக்க முடிவதில்லை.

எல்லாச் சேர்க்கையும் நல்லதல்ல

எந்த மருந்தோடு எது சேரும், எவ்வளவு சேரும் என்பது நோயாளிகளிடம் சோதித்து முடிவுசெய்வது. தேனும் மஞ்சளும் ஆய்வகத் தட்டில் கிருமியைத் தடுக்கலாம். அதற்காக அவை நிமோனியாவுக்கு மருந்தாகிவிடாது. சில சேர்க்கைகள் மருந்தையே வீணாக்கும். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைகளை இரும்புச்சத்து மாத்திரையோடோ அமில முறிவு மருந்தோடோ விழுங்கினால், மருந்து உடலில் சரியாகச் சேராது.

நாம் செய்ய வேண்டியது

• சாதாரணச் சளி, ஃப்ளூ வைரஸால் வருபவை. அவற்றுக்கு 625 பயன்படாது.
• மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம்.
• மீந்த மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம்.
• பென்சிலின் ஒவ்வாமை, கல்லீரல் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
• வேறு மாத்திரைகள் சாப்பிடுவதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும், மருந்தை வெல்லக் கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சி. ரத்தத்தில் கிருமி பரவிய ஒரு பச்சிளங்குழந்தைக்கு நாளை அதே மருந்து தேவைப்படலாம். அதன் வலிமையைக் காத்துவைப்பது இன்று நம் கையில் இருக்கிறது.