சத்திர சிகிச்சைக்கு முன் சோதனைகள் எத்தனை?

எம் தாயார் ஊரிலிருந்து நாகபுரிக்கு வந்தது கண்புரை நீக்கிக்கொள்வதற்காக. சத்திர சிகிச்சையோ கால்மணி நேர வேலை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வர். ஆயினும் மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் இரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, ஈ.ஸி.ஜி. எனப் பதினான்கு சோதனைகள் அச்சிடப்பட்டிருந்தன. நோயாளியைப் பாராமலே அச்சிட்ட சீட்டு! யாமும் கேள்வி கேளாது பணம் கட்டினோம்.

ஈ.ஸி.ஜி.யில் ஏதோ சிறு மாறுபாடு கண்டனர். இருதய டாக்டரிடம் அனுப்பினர். அவர் வேறொரு சோதனைக்கு அனுப்பினார். முடிவில் இருதயத்தில் குறையேதுமில்லை. ஆனால் ஐந்து வாரங்கள் கழிந்துவிட்டன. அதற்குள் ஒருநாள், மங்கிய பார்வையோடு அடுப்படிக்குச் சென்றவர் கொதிக்கும் கஞ்சியைக் கையில் கவிழ்த்துக்கொண்டார். ஊர் திரும்பப் பதிவு செய்திருந்த டிக்கெட்டையும் ரத்து செய்ய நேர்ந்தது. (ரயில்வே குமாஸ்தா வீட்டிலேயே இக்கதி!)

அதன் பின்னரே இது குறித்து விசாரிக்கலானோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவ நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ 19,500 கண்புரைச் சிகிச்சைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான இரத்தச் சோதனைகளும் ஈ.ஸி.ஜி.யும் செய்தனர். மற்றவர்களுக்கு, புதிய நோயோ பழைய நோயின் கடுமையோ தோன்றினாலன்றி ஒன்றும் செய்யவில்லை. இரு பிரிவிலும் தொல்லை நேர்ந்தது ஆயிரத்துக்குச் சுமார் 31 என்ற ஒரே அளவில்தான்.

"செய்து வைத்தால் என்ன கெடுதி?" என்பர் சிலர். சோதனைக்கூடத்தார் 'இயல்பு' என்று குறிக்கும் எல்லை, பெரும்பாலும் நலமுள்ளோர் நூற்றுவரில் 95 பேர் அடங்குமாறு வகுக்கப்பட்டது. எஞ்சிய ஐவர் நலமாயிருந்தும் எல்லைக்கு வெளியே நிற்பர். ஒன்றையொன்று சாராத பத்துச் சோதனைகளை நல்லுடம்புக்காரர் ஒருவருக்குச் செய்தால், அவற்றுள் ஒன்றேனும் பிசகாகக் காட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 40. பிறகு அதனைத் துரத்திக்கொண்டு மேலும் சோதனைகள், மேலும் செலவு, மேலும் கலக்கம்.

சோதனையே வேண்டா என்று யாம் கூறவில்லை. இரத்தம் மிகுதியாக இழக்க நேரும் பெரிய சிகிச்சைக்கு இரத்தத்தின் அளவு தெரிந்தாக வேண்டும். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை, சிறுநீரக நோயாளிக்கு அதற்குரிய சோதனை, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு உறைவுச் சோதனை ஆகியவை காரணமுள்ளவை. கண்புரைக்காரருக்குக் கண்ணுள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணிக்கும் அளவீடு இன்றியமையாதது. தாமாக எதனையும் மறுப்பதும் தகாது. "இதன் முடிவு எப்படி வந்தால் தங்கள் சிகிச்சை முறை மாறும்?" என்று டாக்டரைப் பணிவாகக் கேட்கலாம். மொழி தெரியாத ஊரில் கேட்கத் தயக்கமே. யாம் இந்தியில் இரவெல்லாம் ஒத்திகை பார்த்தோம்.

மறு கண்ணுக்குச் சென்றபோது அதே அச்சுச் சீட்டை நீட்டினர். பழைய அறிக்கைகளையும், தாயார் உண்ணும் மருந்துகளின் பட்டியலையும் டாக்டர் முன் வைத்து அக்கேள்வியைக் கேட்டோம். அவர் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார். "அம்மா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா?" என்று வினவினார், யாம் தமிழில் சொன்னோம். "மூன்றாம் மாடியில்தானே குடியிருக்கிறோம்!" என்றார் தாயார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மட்டும் பார்த்து, அடுத்த வியாழனன்றே சிகிச்சையை முடித்தனர்.