கடல் தந்த கல்



நாஞ்சில் நாட்டிலே பனையேறுவோர் அக்கானிக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவதைக் கண்டிருப்பீர்கள். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் காப்பது அச்சுண்ணாம்பே. வெற்றிலைக்கும் சுவருக்கும் உதவும் அப்பொருள் நம் மருத்துவாழ் மலையை உடைத்தால் கிடைக்குமா? கிடைக்காது. நம் மாவட்டத்து மலைகள் பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறைகள். சுண்ணாம்போ கடல் தந்த செல்வம். கன்னியாகுமரிக் கரையோரத்திலே சிப்பித் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிக் கல்லாகியிருப்பதைச் சில இடங்களில் காணலாம்.

சுண்ணாம்புக்கல் எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு தேய்கிறது என்னும் இரண்டையும் ஒரு கண்ணாடிக் குவளையிலேயே காட்டிவிடலாம். வகுப்பறையில் நான் பலமுறை செய்து காட்டிய சோதனை இது. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாய் வழியே மூச்சை ஊதினால், நீர் பால்போல் வெளுக்கும். மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்புடன் கூடிக் கால்சியம் கார்பனேட் ஆகிறது. சுண்ணாம்புக்கல்லின் முதன்மையான பொருள் இதுவே. நிறுத்தாமல் மேலும் ஊதுங்கள். வெண்மை மறைந்து நீர் மீண்டும் தெளியும். மிகுந்த வாயு நீருடன் சேர்ந்து மெல்லிய அமிலமாகி, உண்டான கல்லைக் கரைத்துவிட்டது. அந்நீரைக் காய்ச்சினால் வாயு வெளியேறும். வெண்பொடி மறுபடியும் படியும். கிணற்றுநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஏறும் வெள்ளைப் படிவும் இவ்வாறு வந்ததே.

குவளையில் சில நிமிடங்களில் நிகழ்வது, இயற்கையிலே யுகக்கணக்கில் நிகழ்கிறது. கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தைச் சிப்பிகளும் பவள உயிர்களும் சிலவகைப் பாசிகளும் எடுத்து ஓடாகவும் கூடாகவும் கட்டிக்கொள்கின்றன. அவை மடிந்தபின் எஞ்சும் ஓடுகள் அடுக்கடுக்காய்க் குவிந்து, மேற்பாரத்தால் அழுந்தி, இடையே ஊறும் சுண்ணநீரால் ஒட்டிக் கல்லாகின்றன. திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் உள்ள சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பவளங்களும் பாசிகளும் கட்டியது. இன்று கடலைக் காணாத அவ்வூரும் அரியலூர்ப் பகுதியும் அன்று கடலின் அடியில் கிடந்தன. சிமெண்டு மூட்டையில் நாம் வாங்குவது அப்பழங்கடலின் ஒரு பகுதியை.

இனி, தேய்வைப் பார்ப்போம். மழைநீர் வானத்திலே சிறிதும் மண்ணிலே மிகுதியும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு கல்லின் பிளவுகளில் இறங்குகிறது. பிளவு துளையாகும், துளை குகையாகும், சிலவிடங்களில் கூரை இடிந்து பள்ளமாகும். இதற்கு நல்ல சான்று யாழ்ப்பாணம். அங்கே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. பெய்த மழை சுண்ணாம்புக்கல்லின் துளைகளில் இறங்கி, கீழுள்ள உப்புநீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கிறது. கிணறுகளில் இறைப்பது அந்நீரையே. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு நீர் அரித்து உண்டாக்கிய பள்ளமே. ஆனால் கல்லில் வழி திறந்திருப்பதால், நிலத்தில் இட்ட உரமும் சிந்திய எண்ணெயும் நன்னீருக்கு எளிதில் போய்ச் சேரும். அத்தகைய நாட்டில் வாழ்வோர் நிலத்தின்மேல் எதைக் கொட்டுகிறோம் என்று எண்ணியே கொட்டவேண்டும்.

மழை கரைக்கும் வேகம் மிகவும் மெதுவானது; மனிதன் வெட்டும் வேகம் அத்தகையதன்று. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைக் காளவாயில் நன்கு சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய், 56 கிலோ நீறாச் சுண்ணாம்பு எஞ்சும். இதற்காக மன்னார் வளைகுடாவில் பவளத் திட்டுகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தனர். திட்டு அலையின் வேகத்தைத் தணிக்கும் அரண் அன்றோ? அரண் போனபின் தீவு அரிபடுகிறது. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தேய்ந்து சுருங்கிய வான் தீவைக் காக்க, 2015 முதல் செயற்கைத் திட்டுகளைக் கடலில் இறக்க நேர்ந்தது. உயிர்கள் கூலியின்றிக் கட்டிய அரணைப் பொருட்செலவில் நாம் கட்டவேண்டியதாயிற்று.

சுண்ணாம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள் என்கிறேன். கரையில் ஒதுங்கிய வெற்றுச் சிப்பியைச் சுடுவது வேறு. உயிரோடு வளரும் திட்டை உடைப்பது வேறு. அடுத்தமுறை கடற்கரைக்குச் செல்லும்போது, கிடக்கும் ஒரு வெண்கல்லின்மேல் எலுமிச்சைச் சாற்றை ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரை எழுந்தால், அது சுண்ணக்கல். ஒரு காலத்தில் ஏதோ ஓர் உயிரின் வீடாக அது இருந்திருக்கக்கூடும்.